சம இராப்பகலும் சமுதாய வரலாறும்

ஆண்டுதோறும் பங்குனி பிறந்து ஆறேழு நாட்கள் கழிந்த பின்னர், மார்ச் மாதம் 20ஆந் திகதியிலோ 21ஆந் திகதியிலோ, ஞாயிறு நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகின்றது. அன்று உலகெங்கணும் இரவும் பகலும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக இருக்கும். நமது ஊர்களில் அந்நாள் எவ்வித ஆரவாரமுமின்றிக் கழிந்துவிடுகின்றது. மருத்துநீர் வைப்பாரில்லை, புத்தாடை உடுப்பாரில்லை, கைவிசேடம் கொடுப்பாருமில்லை. அதன்பின் மூன்று வாரங்களுக்கு மேலாகக் காத்திருந்து, ஏப்ரில் 14ஆந் திகதியளவில் நாம் புத்தாண்டைக் கொண்டாடுகின்றோம். அப்புத்தாண்டுக்குச் சித்திரை விஷு என்றும் ஒரு பெயர் உண்டு.

விஷு என்னும் சொல்லை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அது விஷுவம் என்னும் வடசொல்லின் வழி வந்தது. இரவும் பகலும் சமமாதல் என்பதே அதன் பொருள். ஆயின் நாம் சித்திரை விஷுவைக் கொண்டாடும் நாளில் யாழ்ப்பாணத்திற் பகற்பொழுது இராப்பொழுதிலும் ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீண்டிருக்கின்றது. ஐப்பசி விஷுவின் கதையும் இதுவே. உண்மையான சம இராப்பகல் செப்டெம்பர் 22 அல்லது 23இல் நிகழ்ந்து முடிய, நாம் அப்பெயரை ஒக்டோபர் நடுப்பகுதியில் வழங்குகின்றோம். தை முதலாந் திகதியை உத்தராயணத்தின் தொடக்கம் என்கின்றோம். ஞாயிறோ டிசெம்பர் 21 அல்லது 22ஆந் திகதியிலேயே தென்னெல்லையைத் தொட்டு வடக்கு நோக்கித் திரும்பிவிடுகின்றது.

இம்முரண்பாடு நமது வகுப்பறைகளில் நாள்தோறும் வாழ்கின்றது. புவியியற் பாடவேளையிற் கரும்பலகையில் வட்டம் வரைந்து, மார்ச் மாதத்திலே சம இராப்பகல் எனக் கற்பிக்கின்ற அதே ஆசிரியர், சமயபாட வேளையிலே தை முதல் நாளில் ஞாயிறு வடதிசைப் பயணம் தொடங்குகின்றது எனக் கற்பிக்கின்றார். இரண்டையும் ஒரே மாணவன் ஒரே கொப்பியில் எழுதிக்கொள்கிறான். இரண்டும் எவ்வாறு ஒருங்கே மெய்யாகும் என்று அவன் கேட்பதில்லை. கேட்கும்படி நாமும் அவனைப் பழக்கவில்லை. பரீட்சைக்கு ஓர் உண்மையும் வீட்டுக்கு வேறோர் உண்மையுமாக வாழப் பழகிய உள்ளம், பிற்காலத்திற் சமுதாயத்தின் பொய்களையும் அவ்வாறே கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும். ஆதலின் சம இராப்பகல் பற்றிய ஆராய்ச்சி வானநூலார்க்கு மட்டும் உரியதன்று.

முதற்கண் இந்நாள் எவ்வாறு தோன்றுகின்றது எனப் பார்ப்போம். பூமி தன் அச்சிற் சுழன்றுகொண்டே ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது. அவ்வச்சு செங்குத்தாக நில்லாது ஏறத்தாழ இருபத்து மூன்றரைப் பாகை சரிந்து நிற்கின்றது. ஆண்டு முழுவதும் அச்சரிவின் திசை மாறுவதில்லை. ஞாயிற்றைச் சார்ந்த பூமியின் இடமே மாறுகின்றது. ஆகவே யூன் மாதத்தில் வடபாதி ஞாயிற்றை நோக்கிச் சாய்ந்திருக்கின்றது. டிசெம்பரில் தென்பாதி சாய்ந்திருக்கின்றது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில், ஆண்டுக்கு இருமுறை, எந்தத் துருவமும் ஞாயிற்றை நோக்கிச் சாயாத ஒரு கணம் வருகின்றது. அக்கணத்தில் ஞாயிறு மத்திய கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லை இரு துருவங்களையும் ஊடறுத்துச் செல்லும். எந்த ஊரும் பாதி நாள் ஒளியிலும் பாதி நாள் இருளிலும் அமையும். வளிமண்டலம் ஒளியை வளைத்தலினாலும், ஞாயிற்று வட்டத்தின் மேல் விளிம்பு தோன்றும்போதே உதயம் எனக் கொள்வதாலும், அன்று பகல் சில நிமிடங்கள் மிகுந்திருக்கும் என்பது உண்மையே. எனினும் கொள்கையளவில் அது சமத்துவ நாள்.

இலண்டன் போன்ற வடபுலத்து நகரங்களில் இதன் விளைவு கண்கூடு. ஆங்கே நெடும் பகல் பதினாறரை மணிக்கு மேற்படும். குறும் பகல் எட்டு மணியையும் எட்டாது. யாழ்ப்பாணத்திலோ நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலே. அதனால் நாம் பருவங்களைப் பகலின் நீளத்தால் அறியாது காற்றினால் அறிகின்றோம். ஆயினும் அக்காற்றையும் ஞாயிற்றின் இதே பயணமே இயக்குகின்றது. ஞாயிறு மத்திய கோட்டைக் கடந்து வடக்கே ஏறும்போது ஆசியப் பெருநிலம் காய்கின்றது. இந்து சமுத்திரத்தின் ஈரக்காற்று அதனை நோக்கி ஈர்க்கப்படுகின்றது. நமது கடற்றொழிலாளர் சோளகம் எனக் கூறும் காற்று அதுவே. ஞாயிறு தெற்கே இறங்கியபின் காற்றுத் திரும்பி வாடையாகி மாரி மழையைக் கொணர்கின்றது. விதைப்பவனும் வலை வீசுபவனும் சம இராப்பகல் என்னும் சொல்லை அறியாதிருக்கலாம். அவர்தம் உழைப்பின் முறை அந்த இரு வாயில்களுக்கு இடையிலேயே அமைந்திருக்கின்றது.

இவ்வாயில்களைக் கண்டறிவதற்குப் பெருங் கருவிகள் வேண்டியதில்லை. வெளியிலே நாட்டிய ஒரு கோலும் அதன் நிழலும் போதும். பழைய நாகரிகங்கள் பலவற்றில் இக்கோல் காணப்படுகின்றது. நமது நெடுநல்வாடையிலும் அரண்மனைக்கு மனை வகுக்கும் நூலறி புலவர், நண்பகலிற் கோலின் நிழல் கொண்டு திசை துணிந்த செய்தி வருகின்றது. மாளிகை எழுப்பவும் வயலை உழவும் திசையும் காலமும் வேண்டியிருந்தன; அத்தேவையே வானநூலைப் பிறப்பித்தது. ஆயின் கணக்கு வளர்ந்து நூலாகி, நூல் ஒரு கூட்டத்தாரின் கையிற் சேர்ந்ததும், கோல் மறக்கப்பட்டது. வானத்தைப் பார்த்து எழுதிய ஏட்டைக் கொண்டு வானத்துக்கே விதி கூறும் நிலை பிறந்தது. சம இராப்பகலின் வரலாறு பெரும்பாலும் இம்மறதியின் வரலாறும், அதனை எதிர்த்தவர்களின் வரலாறுமாகும்.

ஏடு வழுவுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஆண்டின் நீளத்தைச் சிறிது பிழையாகக் கொள்வது ஒன்று. ஆண்டை அளக்கும் தொடக்கப்புள்ளி தானே நகர்ந்து செல்வதை அறியாமை மற்றொன்று. முதலாவது காரணம் மேலை நாடுகளை அலைக்கழித்தது. இரண்டாவது நம்மை இன்றும் பற்றி நிற்கின்றது.

கி.மு. 45இல் யூலியஸ் சீஸர், அலெக்சாந்திரியா நகரத்துச் சோசிஜெனிஸ் என்னும் அறிஞரின் துணையுடன் உரோமரின் நாட்கணக்கைச் சீர்செய்தார். ஆண்டுக்கு 365¼ நாள் என்பது அவர் விதி. சம இராப்பகலிலிருந்து அடுத்த சம இராப்பகல் வரையுள்ள பருவ ஆண்டு இதனினும் ஏறத்தாழப் பதினொரு நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் ஒரு மனிதனின் வாழ்நாளில் ஒன்றுமில்லை. நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் பின்னர், திருச்சபை மார்ச் 21ஐச் சம இராப்பகலாகக் கொண்டு உயிர்த்த ஞாயிறு விழாவைக் கணித்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் உண்மையான சம இராப்பகல் மார்ச் 11க்கு வந்துவிட்டது. விழா தன் பருவத்தைவிட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது.

இத்தவற்றை அறிஞர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். 1514இல் உரோமாபுரி கொப்பேணிக்கஸிடமும் கருத்துக் கேட்டது. ஆண்டின் நீளமும் ஞாயிறு திங்களின் இயக்கமும் இன்னும் செம்மையாக அளக்கப்படவில்லை என அவர் விடை கூறினார். இறுதியில் 1582இல் பதின்மூன்றாம் கிரெகரிப் பாப்பரசர் ஆணையிட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி வியாழனுக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15ஆந் திகதி வெள்ளியாயிற்று. பத்து நாட்கள் நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டன. நானூறு ஆண்டுகளில் மூன்று நெட்டாண்டுகளைத் தவிர்க்கும் புதிய விதியும் வகுக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் வழங்குவது அக்கணக்கே.

வானத்தைப் பொறுத்த வரையில் பாப்பரசர் கூறியது உண்மை. ஆயினும் அவர் கூறினார் என்பதனாலேயே புரட்டஸ்தாந்து நாடுகள் அதனை ஏற்க மறுத்தன. ஆக்ஸ்பேர்க், றீகா ஆகிய நகரங்களிற் புதிய நாட்காட்டியை எதிர்த்து 1584இற் கலகங்களே மூண்டன. இங்கிலாந்து 1752 வரை தாமதித்தது. அதற்குள் நீக்க வேண்டிய நாட்கள் பதினொன்றாகிவிட்டன. உருசியாவின் சார் மன்னர்கள் இறுதிவரை பழைய கணக்கையே காத்தனர். சோவியத் அரசின் கட்டளையினாலே 1918இற் சனவரி 31க்கு அடுத்த நாள் பெப்ரவரி 14 ஆயிற்று. ஒக்டோபர்ப் புரட்சியின் ஆண்டு நிறைவு நவம்பரிற் கொண்டாடப்பட்டமைக்குக் காரணம் இதுவே. அரசியல் வழுவிய நாட்டில் நாட்காட்டியும் வழுவி நின்றது என்பது வெறும் சொல்லழகன்று.

மற்றொரு செய்தியையும் மறத்தலாகாது. 1582இற் சம இராப்பகலைச் செம்மை செய்த அதே திருச்சபை 1616இற் கொப்பேணிக்கஸின் நூலைத் திருத்தம் செய்யும்வரை தடைசெய்தது. 1633இற் கலிலியோவை மண்டியிட வைத்தது. விழாவைச் சரியான நாளில் வைக்கும் அளவுக்கு விஞ்ஞானம் வேண்டியிருந்தது. அதற்கு அப்பால் ஓரடி வைத்தாலும் அது குற்றமாயிற்று. தனக்குப் பயன்படும் எல்லைவரை அறிவை வரவேற்று, தன் அதிகாரத்தைத் தொடும் இடத்தில் அதனை நிறுத்துவது ஆளும் நிறுவனங்கள் அனைத்தினதும் இயல்பு.

சம இராப்பகலை அதிகாரத்தின் கையிலிருந்து பறித்து மக்களின் கையிற் கொடுக்க முனைந்த ஒரு முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1792 செப்டெம்பர் 21இற் பிரான்சிலே முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அடுத்த நாளாகிய 22ஆந் திகதி குடியரசின் முதல் நாள். அன்று காலையிலேயே இலையுதிர்காலத்துச் சம இராப்பகல் நிகழ்ந்தது. மறு ஆண்டில் புதிய நாட்காட்டி பற்றிய அறிக்கையைத் தேசிய மாநாட்டின் முன் வைத்த கில்பேர் ரொம் என்னும் கணித அறிஞர் இந்தப் பொருத்தத்தைச் சுட்டிக்காட்டினார். வானத்தில் பகலும் இரவும் சமமாகிய வேளையிற் பூமியில் மனிதர் சமமென முழங்கப்பட்டது என்பது அவர் கருத்து. ஆண்டின் முதல் நாளை மன்னனோ குருவோ விதிக்க வேண்டியதில்லை; பரிஸ் வானாய்வு நிலையத்தின்படி உண்மையான சம இராப்பகல் எந்நாளில் நிகழ்கின்றதோ அந்நாளே ஆண்டுப் பிறப்பு எனச் சட்டம் இயற்றப்பட்டது.

மாதங்கள் பன்னிரண்டும் முப்பது நாள் கொண்டன. அரசர் பெயரும் தெய்வப் பெயரும் நீங்கி, திராட்சை பறிக்கும் மாதம், மூடுபனி மாதம், முளைவிடும் மாதம், அறுவடை மாதம் என உழவனின் ஆண்டே நாட்காட்டியாயிற்று. எஞ்சிய நாட்கள் ஐந்தும் பரிஸ் நகரத்து ஏழைப் புரட்சியாளரின் பெயராற் சிறப்பிக்கப்பட்டன. இத்துணை அழகிய நாட்காட்டி வேறொன்றில்லை எனலாம்.

ஆயினும் அது நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதே நமக்கு வேண்டிய பாடம். ஏழு நாட் கிழமை நீக்கப்பட்டுப் பத்து நாள் வட்டம் புகுத்தப்பட்டது. அதனால் ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்த உழைப்பாளி பத்து நாளுக்கு ஒருமுறையே ஓய்வு பெற்றான். பழைய திருநாட்களின் ஓய்வும் போயிற்று. சமத்துவத்தின் பெயரால் வந்த நாட்காட்டி அவனுடைய முதுகின்மீதே ஏறி நின்றது. மேலும் அதன் மாதப் பெயர்கள் பரிஸ் நகரத்தின் வானிலையைச் சார்ந்தவை. பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட கரிபியன் தீவுகளில் பனி மாதம் என்பதற்கு என்ன பொருள்? அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளை விடுவித்த ஆணை இரண்டாம் ஆண்டு மழை மாதம் 16ஆம் நாளில், அதாவது 1794 பெப்ரவரி 4இற் பிறந்தது. அடிமைமுறையை மீண்டும் நிலைநிறுத்திய நெப்போலியனின் சட்டம் பத்தாம் ஆண்டு மலர் மாதம் 30ஆம் நாளில், 1802 மே 20இற் பிறந்தது. இரண்டும் ஒரே நாட்காட்டியின் நாட்களே. திகதியின் பெயரை மாற்றியதனால் மட்டும் நீதி நிலைத்துவிடவில்லை.

ரொம் 1795இல், மக்கள் கிளர்ச்சியொன்றை ஆதரித்தமைக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தன்னைத்தானே குத்தி மாய்ந்தார். 1806 சனவரி முதலாந் திகதியுடன் பேரரசன் நெப்போலியன் அவர்தம் நாட்காட்டியையும் ஒழித்தான். 1871இற் பரிஸ் கொம்யூன் எழுந்தபோது தொழிலாளர் சில வாரங்கள் அதனை மீண்டும் வழங்கினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி நம்மைப் பற்றி நிற்கும் இரண்டாவது காரணத்துக்கு வருவோம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே ஹிப்பார்க்கஸ் என்னும் கிரேக்க அறிஞர் வாழ்ந்தார். பிற்காலத்திற் சங்கம் கூடிய அதே நிசேயா நகரமே அவர் பிறந்த ஊர். நாம் சித்திரை எனக் கூறும் விண்மீன், தமக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முன்னர்த் திமோக்காரிஸ் என்பவரால் இலையுதிர்காலத்துச் சம இராப்பகற் புள்ளியிலிருந்து எட்டுப் பாகை தொலைவிலே குறிக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். தாம் அளந்தபோது அது ஆறு பாகையாயிருந்தது. விண்மீன் நகர்ந்ததா, புள்ளி நகர்ந்ததா? சம இராப்பகற் புள்ளியே விண்மீன்களினூடே மெல்லப் பின்னோக்கி நகர்கின்றது என அவர் துணிந்தார். இதனையே நம் நூல்கள் அயன சலனம் என்கின்றன. சுழன்று தளரும் பம்பரத்தின் தலை வட்டமிடுவதுபோலப் பூமியின் அச்சும் ஏறக்குறைய 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை அதன் வேகம். மத்திய கோட்டருகே புடைத்திருக்கும் பூமியைத் திங்களும் ஞாயிறும் ஈர்த்தலே காரணமென 1687இல் நியூற்றன் விளக்கினார்.

இதன் விளைவு யாது? ஞாயிறு ஒரு விண்மீனை விட்டுப் புறப்பட்டு அதே விண்மீனை அடையும் காலம் நட்சத்திர ஆண்டு. சம இராப்பகலை விட்டுப் புறப்பட்டு மீண்டும் சம இராப்பகலை அடையும் காலம் பருவ ஆண்டு. முன்னது பின்னதிலும் ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டது. நமது பஞ்சாங்கம் நட்சத்திர ஆண்டைப் பின்பற்றுவது. சூரிய சித்தாந்தம் கூறும் ஆண்டோ மேலும் சில நிமிடம் மிகுந்து, பருவ ஆண்டிலும் ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடம் நீண்டுள்ளது. அறுபது ஆண்டுகளில் இது ஒரு நாளாகின்றது. பிரபவ முதல் அட்சய வரையுள்ள ஓர் அறுபதாண்டு வட்டம் முடியும் போதெல்லாம் நமது சித்திரை முதல் நாள் சம இராப்பகலை விட்டு ஏறத்தாழ ஒரு நாள் விலகுகின்றது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், சித்தாந்த நூல்கள் செம்மை பெற்ற காலத்திலே, மேட ராசியில் ஞாயிறு புகும் நாளும் சம இராப்பகல் நாளும் நெருங்கியே இருந்தன. அன்று சித்திரை விஷு என்ற பெயர் மெய்யாயிருந்தது. பெயரை நாம் காத்துவந்தோம். பொருள் கைநழுவிப் போயிற்று.

நம் முன்னோர் இதனை அறியார் எனக் கருதுதல் தவறு. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையில் இதனை எடுத்துரைக்கின்றார். முன்னை நூல்கள் ஞாயிற்றின் தென்செலவு ஆயிலியத்தின் நடுவிலே தொடங்குவதாகக் கூறின என்றும், தம் காலத்திற் கடகத்தின் தொடக்கத்திலேயே அது தொடங்குகின்றது என்றும் அவர் வேறுபாடு காட்டுகின்றார். வேறுபாடு உண்டாயின் நேரிற் கண்டு தெளிக என்பது அவர் முடிவு. அதற்கு வழியாக ஞாயிறு உதிக்கும் இடத்தைக் குறித்து வைத்தலையும், நிலத்தில் வரைந்த பெருவட்டத்திலே கோலின் நிழல் புகுந்து வெளிப்படுதலையும் கூறுகின்றார். பழைய நூலைப் போற்றிய ஒருவர், நூலும் வானமும் முரண்படும் இடத்தில் வானத்தின் பக்கம் நின்றார். அவர் கூறியதை மனனஞ் செய்த பரம்பரையினர் அவர் செய்ததைச் செய்யவில்லை.

செய்ய முனைந்தவர் நமது காலத்தில் ஒருவர் தோன்றினார். மேகநாத் சாகா 1893இல் டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலே சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வங்கப் பிரிவினைக் காலத்திலே ஆங்கில ஆளுநரின் வருகையைப் பகிஷ்கரித்தமைக்காகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டவர். சாதியின் காரணமாகக் கல்லூரி விடுதியில் ஒரே பந்தியில் உண்ண இடம் மறுக்கப்பட்டவர். 1920இல் விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிவகுத்த சமன்பாட்டினால் உலகப் புகழ் பெற்றார். அவருடைய ஆராய்ச்சி பற்றிக் கேட்ட முதியவர் ஒருவர் இவையெல்லாம் வேதத்திலேயே உள்ளன எனக் கூறியதும், அதனைக் கருவாகக் கொண்டு சாகா எழுதிய கூரிய கட்டுரைகளும் வங்காளத்தில் நன்கு அறியப்பட்டவை.

1952இற் கட்சி சாராத உறுப்பினராக இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சாகா, அவ்வாண்டு நவம்பரில் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானார். இந்தியாவில் அப்போது முப்பதளவான நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. பழைய அரசியற் பிரிவினைகளின் எச்சமே அவை என்பது நேருவின் கருத்து. 1955இல் அளித்த அறிக்கையில் குழு தெளிவாகக் கணக்கிட்டுக் காட்டியது: சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு 365.258756 நாள், உண்மையான பருவ ஆண்டு 365.242196 நாள், இவ்வேறுபாட்டினால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் ஆண்டுப் பிறப்பு 23.2 நாள் விலகிவிட்டது. சம இராப்பகலுக்கு அடுத்த நாளாகிய மார்ச் 22 ஆண்டின் முதல் நாளாதல் வேண்டும் எனக் குழு விதந்துரைத்தது. சமய விழாக்களைப் பொறுத்த வரையில் ஓர் இடைவழியை மேற்கொண்டது. ஏற்பட்டுவிட்ட விலகலை நீக்காது, அது மேலும் பெருகாதபடி நிறுத்துவதே அவ்வழி. 1956இற் சாகா மறைந்தார். 1957 மார்ச் 22இல், சக ஆண்டு 1879 சைத்திர மாதம் முதல் நாளாக, அந்நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது.

இன்று அது எங்கே வாழ்கின்றது? இந்திய அரசாங்க வர்த்தமானியின் தலைப்பிலே வாழ்கின்றது. தெருவிலும் வயலிலும் கோயிலிலும் அதனை அறிந்தார் மிகச் சிலர். சாகாவின் கணக்கிற் பிழையில்லை. பிரான்சில் நேர்ந்ததே ஈங்கும் வேறோர் உருவில் நேர்ந்தது. ஆங்கே ஆணை மக்களின் ஓய்வைப் பறித்தது. ஈங்கே ஆணை மக்களைத் தீண்டவேயில்லை. நிலவுடைமையும் சாதியும் சோதிடமும் பழைய வேரில் நிற்க, வர்த்தமானியின் திகதியை மட்டும் மாற்றுதல் மரத்தைவிட்டு இலைக்கு வர்ணம் பூசுவதாகும்.

நமது நாட்டிற் காணும் காட்சி இதனினும் விந்தையானது. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் என்றும் திருக்கணித பஞ்சாங்கம் என்றும் இரண்டு உள. புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. எதன்படி மருத்துநீர் வைப்பது என்று ஆண்டுதோறும் வாதங்கள் நிகழ்கின்றன. இரண்டுமே விஷுவிலிருந்து மூன்று வாரங்களுக்கு மேலாக விலகி நிற்பதைப் பற்றியோ பேச்சில்லை.

இவ்வாறு கூறுவதனால் நாம் புத்தாண்டைப் பழிக்கின்றோம் எனக் கொள்ளலாகாது. ஞாயிறு ஒரு விண்மீன் கூட்டத்தில் மீண்டும் புகும் நாளைக் கொண்டாடுதல் பிழையன்று. நட்சத்திர ஆண்டும் வானத்தில் உள்ள ஓர் ஆண்டே. அதற்குப் பருவங்களின் பொறுப்பைச் சுமத்துவதே பிழை. உறவினர் கூடும் ஒரு நாளை மக்கள் தமக்கென வைத்துக்கொள்வதற்கு வானத்தின் அனுமதி வேண்டியதுமில்லை. ஆயின் அந்நாளில் நிகழாத ஒன்றை நிகழ்வதாகக் குழந்தைக்குக் கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மார்ச் 20 அளவிலே மாணவரைப் பாடசாலை முற்றத்துக்கு அழைத்துச் செல்வோம். ஒரு மீற்றர் நீளமான கோலை நிமிர்த்தி நாட்டி, காலை தொடங்கி மாலை வரை மணிக்கொருமுறை அதன் நிழலின் நுனியிலே ஒரு கல்லை வைக்கச் செய்வோம். மற்ற நாட்களில் அக்கற்கள் வளைந்த கோட்டில் அமையும். சம இராப்பகல் நாளில் அவை மேற்குக் கிழக்காக நேர்கோட்டில் அமையும். அன்று நண்பகலிலே யாழ்ப்பாணத்தில் நிழல் வடக்கு நோக்கிப் பதினேழு சென்ரிமீற்றர் அளவு நீண்டிருக்கும். பின்னர் விடுமுறையில் வீடு சென்ற மாணவர், புத்தாண்டு நாளின் நண்பகலில் தத்தம் முற்றத்திலே அதே கோலை நாட்டிப் பார்க்கட்டும். ஞாயிறு ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நிழல் கோலின் அடியில் ஒடுங்கிவிடும். இரு நாட்களும் வெவ்வேறானவை என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே காண்பர். எது விஷு என்ற கேள்வியை அப்போது நாம் கேட்க வேண்டியதில்லை. அவர்களே நம்மைக் கேட்பர். வராகமிகிரரின் கோல் அவர்கள் கையில் இருக்கும்.